தாய்வீடும் ஆய்வுக்கூடமும்: பேறுகால ஓய்வின் வரலாறு

விருதுநகர் மாவட்டத்தின் வெம்பக்கோட்டை வட்டத்தில் உள்ள தாயில்பட்டி, வைப்பாற்றுப் படுகையின் கரிசல் மண்ணில் மழையை நம்பிப் பருத்தியும் சிறுதானியமும் விளைவித்து வந்த சிற்றூர்களுள் ஒன்று. இன்று அவ்வூரையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் வெளியுலகம் அறிவது பட்டாசு ஆலைகளின் வழியாகவே. இவ்வூர்களில் ஆலை வேலைக்குச் செல்லும் ஒரு பெண் கருவுற்றால், எந்த மாதம் வரை அவள் வேலைக்குப் போவாள், போகாத நாட்களின் கூலியை யார் ஈடுசெய்வார்கள், பிள்ளை பிறந்த பின் அவள் விட்டுவந்த இடம் அவளுக்குத் திரும்பக் கிடைக்குமா என்னும் மூன்று கேள்விகள் எழுகின்றன. இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் கதிரியக்கப் பொருளையோ ஊடுகதிர்க் குழாயையோ கையாளும் பெண் அறிவியலாளர் தாயாகவிருக்கும்போது எழுபவையும் இம்மூன்று கேள்விகளே. இரண்டு இடங்களுக்கும் இடையே கல்வியிலும் வருவாயிலும் சமூக மதிப்பிலும் உள்ள தொலைவு பெரிது. எனினும் பேறுகால ஓய்வு என்பது வழக்கமாக இருந்து சட்டமாக மாறிய வரலாற்றைப் பின்தொடர்ந்தால், அவ்விரு பெண்களும் எதிர்பாராத வகையில் ஒரே இடைவெளியில் நிற்பதைக் காணலாம். உழைப்பாளியின் பெயர் ஒரு நிலையான பேரேட்டில் எழுதப்படாத இடம் அந்த இடைவெளி. அதன் செலவை இரு பெண்களுக்கும் நெடுங்காலம் சுமந்தது குடும்பமே.

வழக்கம் வகுத்த ஓய்வு

கரிசல் வட்டாரத்தில் பேறுகாலத்துக்கான பழைய ஏற்பாடு முழுவதும் உறவுமுறையால் ஆனது. ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு நடத்திக் கைநிறையக் கண்ணாடி வளையல் அடுக்கி, பலவகைச் சோறு ஆக்கிப் படைத்து, சூல்கொண்ட பெண்ணைப் பிறந்த வீட்டார் அழைத்துச் செல்வதும், தலைப்பிரசவம் எனப்படும் முதற்பேறு தாய்வீட்டிலேயே நிகழ்வதும் தமிழகத்தின் பெரும்பகுதிக்கும் பொதுவான வழக்கமாகும். வெம்பக்கோட்டை மேட்டில் 2022 முதல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் சங்கு வளையல்களும் அவற்றின் துண்டுகளும் பெருமளவில் கிடைத்திருப்பது இவ்வட்டாரத்தில் வளையல் தொழிலின் தொன்மையைக் காட்டுகிறதே தவிர, வளைகாப்புச் சடங்கின் வயதை அவற்றைக் கொண்டு கணிக்க இயலாது. சடங்கின் தொடக்கம் எதுவாயினும் அதன் பொருளாதாரப் பயன் தெளிவானது: புகுந்த வீட்டின் காட்டு வேலையிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் ஒரு பெண்ணின் உழைப்பு ஊரறிய விலக்கிக்கொள்ளப்படுகிறது, அவ்விலக்கத்துக்குப் புகுந்த வீட்டார் மறுப்புச் சொல்ல இயலாதபடி அது மங்கல நிகழ்வாக்கப்படுகிறது.

தாய்வீட்டார் ஏற்றுக்கொண்டது மகளின் வருகையை மட்டுமன்று. மருத்துவச்சிக்குரிய கூலி, பிள்ளை பெற்றவளுக்கான மருந்தும் பத்தியச் சோறும், குழந்தைக்குரிய அரைஞாணும் காப்பும் ஆகிய செலவுகள் அனைத்தும் அவர்களைச் சேர்ந்தன. பேற்றுக்குப் பின் கடைப்பிடிக்கப்பட்ட தீட்டு நாட்கள் தூய்மை பற்றிய ஒரு கருத்தின்மேல் எழுந்தவையாயினும், அந்நாட்களில் பெண் அடுப்படிக்கும் வயலுக்கும் செல்லக்கூடாது என்ற கட்டுப்பாடு நடைமுறையில் கட்டாய ஓய்வாகவே செயற்பட்டது. இவ்வேற்பாட்டின் வரம்புகளும் தெளிவானவை. முதற்பேற்றுக்கு உறுதியாகக் கிடைத்த இந்த ஓய்வு அடுத்தடுத்த பேறுகளுக்கு அதே அளவில் கிடைக்கவில்லை. தாய்வீடு வறியதாக இருந்தாலோ தாய் உயிரோடு இல்லாவிட்டாலோ ஓய்வும் சுருங்கியது. எல்லாவற்றுக்கும் மேலாக, கூலி என்பது நாள்தோறும் கைக்கு வரும் காசாக மாறிய பின், வயலில் ஒருத்தியின் இடத்தை உறவுக்காரி ஒருத்தி நிரப்பியதுபோல ஆலையில் நிரப்பிக் கூலியை அவளிடமே சேர்ப்பிக்க வழியில்லாமற் போயிற்று.

தீப்பெட்டியும் பட்டாசும்

கூலியின் வடிவத்தை இவ்வட்டாரத்தில் மாற்றியவை தீப்பெட்டித் தொழிலும் அதைத் தொடர்ந்து வந்த பட்டாசுத் தொழிலும் ஆகும். 1922இல் இறக்குமதித் தீப்பெட்டிகளின் மீதான வரியை இந்திய அரசு உயர்த்தியதால் உள்நாட்டு உற்பத்திக்கு இடம் பிறந்தது. அதே காலத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்முறையைக் கற்றுத் திரும்பி, ஊரில் தொழிலைத் தொடங்கினர். பெரும் பொறிகளைக் காட்டிலும் கைவேலையே இங்கு ஆதாயம் தந்தது. மழை பொய்த்தால் வேலையற்றுப் போகும் கரிசல் நாட்டில் குறைந்த கூலிக்கு மிகுதியான கைகள் கிடைத்ததே அதற்குக் காரணம். இரண்டாம் உலகப்போரின் காலத்தில் வெளிநாட்டு வாணங்களின் வரத்து நின்றதும், 1940ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளின்கீழ் உரிமம் பெற்று ஆலை அமைக்க வழி ஏற்பட்டதும் பட்டாசுத் தொழிலை முறைப்படுத்தின. நாட்டின் பட்டாசு உற்பத்தியில் மிகப்பெரும் பங்கு இன்று இவ்வட்டாரத்துக்கே உரியது.

இத்தொழில் தொடங்கிய காலம் ஒருவகையில் நற்காலமாக அமைந்தது எனலாம். ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தீக்குச்சிகள் வெண்பாஸ்பரசால் ஆனவை. அதன் ஆவியை நாள்தோறும் நுகர்ந்த தொழிலாளர்களின் தாடையெலும்பு அழுகியது. 1888இல் லண்டனின் பிரையன்ட் அண்டு மே ஆலையில் பெண்களும் சிறுமிகளும் நடத்திய வேலைநிறுத்தம் அக்கொடுமையையும் வெளியுலகின் கண்முன் கொண்டுவந்தது. 1906இல் பெர்ன் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையும், இந்தியாவில் 1913இல் இயற்றப்பட்ட வெண்பாஸ்பரசுத் தீக்குச்சித் தடைச் சட்டமும் அந்த நஞ்சை விலக்கிய பின்னரே சிவகாசியின் தொழில் பிறந்தது. ஆயினும் ஒரு நஞ்சு விலகியதால் வேலை பாதுகாப்பானதாகிவிடவில்லை.

வேலைப் பங்கீடு தொடக்கம் முதலே ஆண், பெண் என்ற வேறுபாட்டின்படி அமைந்தது. வெடியுப்பையும் கந்தகத்தையும் அலுமினியத் தூளையும் சேர்த்து மருந்து கலப்பதும் செலுத்துவதும் பெரும்பாலும் ஆண்களின் வேலையாயின. திரி வைப்பது, சரம் பின்னுவது, தாள் சுற்றுவது, பெட்டியில் அடுக்குவது ஆகியவை பெண்களைச் சேர்ந்தன. பெண்களின் வேலைகளுக்குக் கூலி நாட்கணக்கில் அன்றி உருப்படிக் கணக்கில் வழங்கப்பட்டது. எத்தனை சரம், எத்தனை கட்டு என்பதே கூலியை முடிவுசெய்தது. உருப்படிக் கூலியில் விடுப்பு என்ற கருத்துக்கே இடமில்லை. வராத நாளில் சரமும் இல்லை, கூலியும் இல்லை. தீப்பெட்டி ஒட்டும் வேலையை வீட்டுக்கு எடுத்துவந்து, சேலைத் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைக் காலால் ஆட்டியபடி கையால் ஒட்டிய தாய்மார்களுக்கு அது ஓய்வும் ஆகவில்லை, முழுக்கூலியும் ஆகவில்லை. பட்டாசில் வீட்டுவேலைக்குச் சட்டம் இடம் தராவிட்டாலும் அது மறைவாக நடந்துவந்ததன் விலையைத் தாயில்பட்டியே அறியும். 2021 ஜூனில் அங்கே குடியிருப்புப் பகுதியில் வெடிபொருள் வெடித்ததில் ஒரு குழந்தையும் உயிரிழந்தது.

வாரங்களால் அளந்த சட்டம்

பேறுகாலத்தை வாரக் கணக்கில் அளந்து, அதற்கு ஊதியத்தை இணைத்த சட்டம் முதலில் எழுந்தது ஆலைப் பெண்களுக்காகவே. 1919இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு நிறைவேற்றிய மகப்பேறு உடன்படிக்கை, பேற்றுக்கு முன் ஆறு வாரமும் பின் ஆறு வாரமும் ஓய்வு, அக்காலத்துக்கு வாழ்க்கைச் செலவுக்கான உதவித்தொகை, ஓய்வின்போது வேலைநீக்கம் கூடாது என்ற விதி ஆகியவற்றை ஒருங்கே வகுத்தது. அதே மாநாடு ஈய நஞ்சிலிருந்து பெண்களையும் சிறுவர்களையும் காப்பது பற்றியும் பரிந்துரை செய்தது. கருவுற்ற பெண்ணின் ஓய்வும் பணியிட நஞ்சும் ஒரே அமர்வில் பேசப்பட்டது கவனிக்கத்தக்கது.

இந்தியாவில் தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி 1924இல் நடுவண் சட்டப்பேரவையில் கொண்டுவந்த மகப்பேறு மசோதா தோற்றது. ஆயினும் ஐந்தாண்டுகளில் பம்பாய் மாகாணம் 1929ஆம் ஆண்டின் மகப்பேறு உதவிச் சட்டத்தை இயற்றியது; அதன் மசோதாவை ஆதரித்து 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பேசியவர்களுள் அம்பேத்கரும் ஒருவர். மதராஸ் மாகாணம் 1934ஆம் ஆண்டின் சட்டத்தின் வழியாக அதைப் பின்பற்றியது. விடுதலைக்குப் பின் 1948இல் வந்த தொழிற்சாலைகள் சட்டம் பெண்கள் மிகுந்த ஆலைகளில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் அமைக்கக் கட்டளையிட்டது. அதே ஆண்டின் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் பேறுகால உதவித்தொகையை முதலாளியின் கையிலிருந்து பொதுநிதிக்கு மாற்றியது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு உதவிச் சட்டம் நாடு முழுமைக்கும் 12 வாரத்தை உறுதிசெய்தது. 2017ஆம் ஆண்டின் திருத்தம் முதலிரு பிள்ளைகளுக்கு அதை 26 வாரமாக்கி, ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது.

இச்சட்டங்கள் அனைத்துக்கும் அடித்தளமாக இருந்தது ஆலைப் பேரேடு ஆகும். ஒருத்தி இத்தனை நாள் வேலை செய்தாள் என்பதற்குச் சான்று இருந்தாலொழிய உதவித்தொகை கிடைக்காது. உருப்படிக் கூலியாளர்களுக்கும் சராசரிக் கூலியைக் கணக்கிடும் முறையைச் சட்டம் வகுத்திருந்தது உண்மையே. ஆனால் ஒப்பந்தக்காரரின் வழியாக வந்து, பருவத்துக்குப் பருவம் ஆலை மாறி, சில வேளைகளில் வேறொருவர் பெயரில் கூலி வாங்கிய பெண்களுக்கு அந்த முறை எட்டாக் கனியாகவே இருந்தது. இவ்வெற்றிடத்தை ஓரளவு நிரப்பியது தொழிற்சட்டம் அன்று, மாநிலத்தின் நலத்திட்டம் ஆகும். 1912இல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பின்னர் மாகாணச் சட்டமன்றத்தில் இடம்பெற்ற முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் 1987இல் தொடங்கிய மகப்பேறு உதவித் திட்டம் எந்தப் பேரேட்டையும் கேட்கவில்லை. வறிய குடும்பத்தைச் சேர்ந்த கருவுற்ற பெண் என்பதே அதற்குத் தகுதியாயிற்று. 2006இல் 6,000 ரூபாயாகவும் 2011இல் 12,000 ரூபாயாகவும் 2018இல் 18,000 ரூபாயாகவும் உயர்ந்த அந்த உதவி, கூலி இழப்பை முழுவதும் ஈடுசெய்யாவிடினும் உரிமையைப் பணியிடத்திலிருந்து பிரித்து ஆளோடு சேர்த்தது. 1982இல் ஊர்ப்புறப் பாலவாடிகளில் தொடங்கிய சத்துணவுத் திட்டமும் இவ்வாறே, ஆலைகள் அமைக்கத் தவறிய காப்பகத்தின் வேலையில் ஒரு பகுதியைச் செய்தது.

ஆய்வுக்கூடத்தின் தாய்மார்

ஆலைப் பெண்ணுக்குப் போதாத சட்டமாவது இருந்த காலத்தில், ஆய்வுக்கூடத்துப் பெண்ணுக்கு எந்தச் சட்டமும் இருந்ததில்லை. பெண்கள் அங்குத் தொழிலாளர்களாக அன்றி விதிவிலக்குகளாகவே நுழைந்தனர். விதிவிலக்குகளுக்கு யாரும் விடுப்பு விதிகளை எழுதுவதில்லை. மேரி கியூரியின் வாழ்க்கை இதற்குப் பலரும் அறிந்த சான்று. 1897இல் எஃகின் காந்தப் பண்புகள் பற்றிய ஆய்வை அவர் முடிக்கும் தறுவாயில் இருந்தபோதே கருவுற்றிருந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 12இல் மகள் ஐரீன் பிறந்தார். ஆண்டு முடிவதற்குள் யுரேனியக் கதிர்களைப் பற்றிய முனைவர்பட்ட ஆய்வைத் தொடங்கி, 1898இல் கணவர் பியரோடு சேர்ந்து பொலோனியத்தையும் ரேடியத்தையும் அறிவித்தார். கைக்குழந்தையின் தாய் இதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், மனைவியை இழந்த மாமனார் யூஜின் கியூரி அவர்களோடு வந்து தங்கிப் பேத்தியை வளர்த்தது. மருத்துவரான அம்முதியவர் ஏற்ற பொறுப்பு, தமிழ்நாட்டில் தாய்வீடு ஏற்ற பொறுப்பிலிருந்து இயல்பில் வேறானதன்று. 1903இல் மேரிக்குக் கருச்சிதைவு ஏற்பட்டதையும் 1904 டிசம்பரில் இளைய மகள் ஈவ் பிறந்ததையும் கருதும்போது, கதிரியக்கத்தின் தீமை அறியப்படாத அந்நாட்களில் கருவுக்கென எந்த எச்சரிக்கையும் ஆய்வுக்கூடத்தில் இல்லை என்பது நினைவுகொள்ளத்தக்கது. கருச்சிதைவுக்குக் கதிரியக்கமே காரணம் என்று இன்று உறுதிகூறச் சான்று போதாது.

இங்கிலாந்தின் கேத்லீன் லான்ஸ்டேல் இவ்வரலாற்றில் தனியிடம் பெறுகிறார். ஊடுகதிர்ப் படிகவியல் என்பது ஒரு படிகத்தின் வழியே ஊடுகதிரைச் செலுத்தி, அது சிதறும் கோலத்திலிருந்து உள்ளே அணுக்கள் அமைந்த முறையைக் கணக்கிட்டறியும் இயல். 1927இல் திருமணம் செய்து லீட்ஸ் நகருக்குச் சென்ற லான்ஸ்டேல், அங்கே ஹெக்சாமெத்தில் பென்சீன் படிகத்தை ஆராய்ந்து பென்சீன் வளையம் தட்டையான அறுகோணம் என்பதை 1929 வாக்கில் நிறுவினார். அதே ஆண்டில் முதற்குழந்தை பிறந்தது. 1934க்குள் மூன்று பிள்ளைகளுக்குத் தாயானார். கருவியோடு செய்யும் வேலைக்கு ஆய்வுக்கூடம் தேவை, கணக்கு வேலைக்கு மேசை போதும் என்பதால், பேறுகால ஆண்டுகளில் அவர் வீட்டிலிருந்தே படிகச் சமன்பாடுகளைக் கையால் கணித்தார். 1936இல் வெளியான அவருடைய படிக வாய்பாட்டு நூல் அவருடைய கையெழுத்திலேயே அச்சிடப்பட்டது. திருமணத்துக்கு முன் அவர் பணிபுரிந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் வில்லியம் பிராக் அவரைத் திரும்ப அழைத்தபோது, பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லாமல் வர இயலாது என்று அறிந்து, வீட்டு வேலைக்கு ஓர் ஆளை அமர்த்த 50 பவுண்டு வழங்குமாறு ராயல் இன்ஸ்டிடியூஷனின் மேலாளர்களை இணங்கச் செய்தார். ஆய்வுநிதி என்பது கருவிக்கும் வேதிப்பொருளுக்கும் மட்டும் உரியது என்று எண்ணப்பட்ட காலத்தில், ஆய்வாளரின் நேரமும் ஆய்வுக்குரிய முதலே என ஒரு நிறுவனம் ஒப்புக்கொண்ட தொடக்கச் சான்றுகளுள் இது ஒன்று. 1945இல் ராயல் சொசைட்டி முதன்முறையாகத் தேர்ந்தெடுத்த இரு பெண்களுள் அவர் ஒருவர்.

இந்தியாவில் இத்தகைய உதவி தனிமனித ஏற்பாடாகவே நின்றது. 1930களிலும் 1940களிலும் பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த பெண்கள் மிகச் சிலரே. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று ராமனின் ஆய்வுக்கூடத்தில் சிறிது காலம் பணியாற்றிய லலிதா, 1936இல் வானியற்பியலாளர் சந்திரசேகரை மணந்து வெளிநாடு சென்றபின் ஆய்வைத் தொடரவில்லை. அதே கல்லூரியில் பட்டம் பெற்று வைரங்களின் ஒளிர்வை ஆராய்ந்த அன்னா மணி திருமணம் செய்துகொள்ளாமல் இந்திய வானிலைத் துறையில் கருவியியலை வளர்த்தார். இவ்விரு வாழ்க்கைகளும் அவரவர் தெரிவுகளே. ஆனால் மணவாழ்வையும் ஆய்வையும் இணைத்த மூன்றாவது வழி அக்காலத்தில் எவ்வளவு குறுகலாக இருந்தது என்பதை அவை ஒருசேரக் காட்டுகின்றன. அவ்வழியில் நடந்தவர் கல்கத்தாவின் பூர்ணிமா சின்ஹா. சத்யேந்திரநாத் போஸின் வழிகாட்டலில், போருக்குப் பின் கழித்துவிடப்பட்ட உபகரணங்களைச் சேகரித்துத் தம் ஊடுகதிர்க் கருவியைத் தாமே அமைத்து, களிமண்களின் கட்டமைப்பை ஆராய்ந்து, 1956இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற முதற்பெண்மணியானார். மானிடவியலாளர் சுரஜித் சின்ஹாவின் துணைவியாக இரு மகள்களை வளர்த்தபடியே உயிரியற்பியலிலும் பீங்கான் ஆய்விலும் பணியைத் தொடர்ந்தார். மகள்கள் இருவரும் இயற்பியலாளர்களாயினர்.

கருவுக்கென ஓர் அளவு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் ஆய்வுக்கூடம் ஒரு வகையில் ஆலையை முந்தியது: கருவைத் தனி உயிராகக் கொண்டு அதற்கென ஓர் அளவை வகுத்தது. கதிர்வீச்சு உடலில் விளைவிக்கும் பாதிப்பை மில்லிசீவர்ட் என்ற அலகால் அளக்கின்றனர். இயற்கையான மூலங்களிலிருந்து உலக மக்கள் சராசரியாக ஓராண்டில் பெறுவது ஏறத்தாழ 2.4 மில்லிசீவர்ட். கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என வரம்பு வகுத்த சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம், கருவுற்றதை ஒரு பெண் அறிவித்த பின் எஞ்சிய மாதங்களில் கரு பெறும் அளவு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டலாகாது என 2007ஆம் ஆண்டின் பரிந்துரையில் கூறியது. ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களில் கருவிலிருந்தபோது கதிர்வீச்சுக்கு உள்ளான பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வுகள், கருவின் எட்டாம் வாரம் முதல் பதினைந்தாம் வாரம் வரையான காலத்தில் மூளை மிகவும் எளிதில் பாதிக்கப்படுவதைக் காட்டியிருந்தமை இத்தகைய வரம்புகளுக்குப் பின்புலமாகும். இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இவ்வகை வரம்புகளை நடைமுறைப்படுத்துகிறது.

இவ்வரம்பைக் காட்டிலும் முக்கியமானது அதனோடு இணைந்த ஒரு நெறி. கருவுற்றதை அறிவித்ததைக் காரணமாகக் காட்டி ஒரு பெண்ணை வேலையிலிருந்து விலக்கலாகாது, வேலையின் தன்மையைத்தான் மாற்ற வேண்டும் என்று சர்வதேச அணுசக்தி முகமையின் அடிப்படைப் பாதுகாப்பு நெறிகள் கூறுகின்றன. அறிவித்தால் வேலை போகும் என்ற அச்சம் இருக்கும் இடத்தில் எவ்வளவு நுட்பமான வரம்பும் பயனற்றது. ஏனெனில் கரு உருவாகி உறுப்புகள் அமையும் தொடக்க வாரங்களிலேயே அறிவிப்பு தேவைப்படுகிறது. குழந்தையை எதிர்நோக்கும் இயற்பியலாளர் ஒருவர் நடைமுறையில் செய்யும் ஏற்பாடுகளும் இந்நெறியின் விரிவே: கதிரியக்க மூலங்களையும் கரைப்பான்களையும் கையாளும் பகுதியைச் சக ஆய்வாளரிடம் ஒப்படைத்தல், திரவ நைட்ரஜன் ஆவியாகி அறையின் ஆக்சிஜனைக் குறைக்கக்கூடிய இடங்களில் தனித்துப் பணிபுரியாதிருத்தல், முடுக்கி நிலையங்களில் முன்பே ஒதுக்கப்பட்ட அளவீட்டு நாட்களைப் பேற்றுக்கு முன்னோ பின்னோ மாற்றுதல், எஞ்சிய மாதங்களைக் கணிப்புக்கும் கட்டுரை எழுதுவதற்கும் வைத்துக்கொள்ளுதல். லான்ஸ்டேல் தேவையால் கண்டுகொண்ட வழியை இன்றைய ஆய்வுக்கூடம் திட்டமாகவே வகுக்க இயலும்.

பட்டாசு ஆலையிலும் அளவுகளுக்குக் குறைவில்லை. ஓர் அறையில் எவ்வளவு மருந்து, எத்தனை ஆள், அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி என்பனவற்றை வெடிபொருள் விதிகள் வரையறுக்கின்றன. அவற்றின் பின்னே நிற்பதும் இயற்பியலே. வறண்ட காற்றில் செயற்கை இழை ஆடை உடலோடு உராயும்போது மின்னூட்டம் தேங்கி, ஏதேனும் உலோகத்தைத் தொட்ட நொடியில் பொறியாகப் பாயும். நுண்ணிய அலுமினியத் தூள் கலந்த மருந்தைப் பற்றவைக்கக் கண்ணுக்குப் புலப்படாத அந்தப் பொறியே போதும். பருத்தியாடை அணியவும், நிலத்தோடு இணைத்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு அறைக்குள் நுழையவும் சொல்வது இதனால்தான். ஆனால் இவ்வளவுகள் எல்லாம் வெடிப்பைக் கருதி வகுத்தவை. பேரியம் உப்புகளின் தூளை ஆண்டுக்கணக்கில் சுவாசிக்கும் பெண்ணின் கருவில் வளரும் உயிரைக் கருதி, கதிர்வீச்சுக்கு இருப்பதைப் போன்ற ஓர் அளவீட்டு முறை சரம் பின்னும் அறையை எட்டவில்லை. 2018 அக்டோபர் 23இல் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்து, பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தபோது கருத்திற்கொண்டதும் நகரங்களின் காற்றையே. அத்தடையின் பயன் அறைக்குள் இருப்பவர்களுக்கும் சேர்ந்தால் அது உடன்விளைவாகும்.

பேரேட்டுக்கு வெளியே

அரசுப் பணியில் உள்ள பெண் அறிவியலாளர்களின் நிலை ஊதியக் குழுக்களின் வழியே மெல்ல மேம்பட்டது. நடுவண் அரசு ஊழியர்களின் பேறுகால விடுப்பு 90 நாளிலிருந்து 135 நாளாகி, 2008இல் 180 நாளாயிற்று. அத்துடன் பிள்ளை வளர்ப்புக்கென 730 நாள் விடுப்பும் சேர்ந்தது. தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களுக்கு 2011இல் ஆறு மாதமும் 2016இல் ஒன்பது மாதமும் 2021இல் பன்னிரண்டு மாதமும் வழங்கியது. ஆனால் ஆய்வுக்கூடத்தின் கருவிகளை நாள்தோறும் இயக்குவோர் பெரும்பாலும் ஊழியர்கள் அல்லர். அவர்கள் உதவித்தொகை பெறும் முனைவர்பட்ட மாணவர்களும், திட்டம் முடியும்வரை அமர்த்தப்படும் ஆய்வாளர்களும் ஆவர். இருபத்தைந்து முதல் முப்பத்தைந்து வயது வரையான இந்தப் பருவமே பெண்கள் பெரும்பாலும் தாயாகும் பருவமும் ஆகும். இவர்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2016இல்தான் 240 நாள் வரையான விடுப்பை விதியாக்கியது. இடையில் ஆய்வைக் கைவிட்ட பெண்கள் திரும்பி வருவதற்கென அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002 வாக்கில் ஒரு தனித்திட்டம் தொடங்க வேண்டியிருந்ததே இழப்பின் அளவுக்குச் சான்று. இந்திய அறிவியல் அகாடமியும் பெங்களூர் தேசிய உயராய்வு நிறுவனமும் 2010இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, ஆய்வில் நீடிக்கும் பெண்களிடையே மணமாகாதோரின் விகிதம் ஆண்களைவிடப் பன்மடங்கு மிகுதி என்று காட்டியது.

உருப்படிக்குக் கூலி பெறும் பெண்ணும் திட்டத்துக்கு உதவித்தொகை பெறும் பெண்ணும் சந்திக்கும் இடம் இதுவே. முன்னவர் ஒப்பந்தக்காரரின் ஆள் என்பதால் ஆலையின் பேரேட்டில் இல்லை. பின்னவர் மாணவர் என்பதால் நிறுவனத்தின் பேரேட்டில் இல்லை. முன்னவருக்குத் தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் பேறு வந்தால் ஆண்டின் பெரும்பகுதி வருவாய் போகிறது. பின்னவருக்குத் திட்டத்தின் இறுதியாண்டில் பேறு வந்தால் திட்டம் அவருக்காக நிற்பதில்லை. இருவரும் இறுதியில் சேருமிடம் தாய்வீடு. மகளுக்குக் குழந்தை பிறந்தால் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் சென்று மாதக்கணக்கில் தங்கும் தமிழ்த் தாய்மார், பழைய தலைப்பிரசவ வழக்கத்தைத் திசைமாற்றித் தொடர்கின்றனர். நாட்டின் அறிவியலுக்கு அவர்கள் தரும் உழைப்பு எந்த ஆய்வுநிதிக் கணக்கிலும் பதிவாவதில்லை.

இவ்வட்டாரத்தில் அவ்விரு பெண்களும் ஒரே குடும்பத்தில் தோன்றுவதற்கான வாய்ப்பையும் இத்தொழில்களே உண்டாக்கின. தீப்பெட்டியிலும் பட்டாசிலும் உலோகத்தூளிலும் சேர்ந்த செல்வத்தின் ஒரு பகுதி கல்வி நிறுவனங்களாயிற்று: 1963இல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியும், 1968இல் ஸ்டாண்டர்டு பயர் ஒர்க்ஸ் இராஜரத்தினம் மகளிர் கல்லூரியும், 1984இல் மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியும் சிவகாசியில் தோன்றின. பட்டாசு நிறுவனத்தின் பெயர் தாங்கிய மகளிர் கல்லூரியில் ஊர்ப்புற மாணவியர் அறிவியல் பயில்வது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் சரம் பின்னிய தலைமுறைக்கு எண்ணிப் பார்க்கவும் அரிதான மாற்றம். கல்வி ஒரு தலைமுறையில் நிகழ்த்திய இம்மாற்றத்துக்கு ஈடாகப் பேறுகாலப் பாதுகாப்பு மாறவில்லை. தாய் பேரேட்டுக்கு வெளியே நின்ற அதே நிலையில், பட்டம் பெற்ற மகளும் நிற்க நேர்கிறது.

2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, 1961ஆம் ஆண்டின் மகப்பேறு விதிகளைத் தன்னுள் அடக்கியதோடு அமைப்புசாராத் தொழிலாளரையும் பதிவுசெய்ய வழி வகுத்துள்ளது. அதன் பயனை மதிப்பிடக் கடந்த நூறாண்டின் வரலாறே போதிய அளவுகோலைத் தருகிறது. 1919ஆம் ஆண்டின் உடன்படிக்கை முதல் லான்ஸ்டேல் பெற்ற 50 பவுண்டு வரை, முத்துலட்சுமி ரெட்டியின் பெயரிலான திட்டம் முதல் கதிர்வீச்சு வரம்பு வரை, பயன் தந்த ஏற்பாடுகள் ஒவ்வொன்றும் இரு செயல்களுள் ஒன்றையேனும் செய்தன: ஓய்வின் செலவை ஏற்பவர் யார் என்பதை வெளிப்படையாகச் சொல்லின, அல்லது உரிமையை வேலையின் வடிவத்திலிருந்து பிரித்துத் தாயோடு சேர்த்தன. இவ்விரண்டையும் செய்யாத விதிகள், எத்தனை வாரங்களை வழங்கினாலும், செலவைத் தாய்வீட்டின் மீதே சுமத்தின. சரம் பின்னுபவருக்கும் ஊடுகதிர்க் கருவியை இயக்குபவருக்கும் ஒரே உரிமையைத் தரத்தக்க சட்டம், இருவரையும் எந்தப் பேரேட்டில் எழுதுவது என்று தேடுவதை விடுத்து, கருவுற்றிருப்பதையே போதிய சான்றாக ஏற்கும் சட்டமாக இருத்தல் வேண்டும்.